அரசாணையும் பேரேடும்: தொழில் வரலாற்றாய்வில் ஒரு பணிக்காலம்

வரலாற்றுத் துறையில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்ய வரும் மாணவர்களில் பெரும்பாலோர் கோயில், கல்வெட்டு, விடுதலைப் போராட்டம், சமூக இயக்கம் ஆகியவற்றுள் ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டே வருகிறார்கள். நூற்பாலையும் வங்கியும் தோல் பதனிடும் தொழிற்சாலையும் வரலாற்றாய்வுக்கு உரியவை என்று அவர்களிடம் யாரும் சொல்லியிருப்பதில்லை. நான் என் பணிக்காலம் முழுவதையும் அந்தப் பொருளில்தான் செலவிட்டேன். சென்னை மாகாணத்திலும் பின்னர் தமிழ்நாட்டிலும் அரசு எடுத்த தொழிற்கொள்கை முடிவுகள் எவ்வாறு உருவாயின, அவை நிறுவனங்களின் அலுவலகத்துக்குள் போய்ச் சேர்ந்தபோது என்ன ஆயின என்பதே என் கேள்வி. ஓய்வு பெற்ற பிறகும் இத்துறைக்கு வர விரும்பும் இளம் ஆய்வாளர்கள் சிலர் தொடர்ந்து என்னிடம் வழி கேட்கிறார்கள். அவர்களுக்குத் தனித்தனியே சொல்லி வந்ததை ஓர் ஒழுங்கில் எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது.

முதலில் சொல்ல வேண்டியது இதுதான். அரசுக் கோப்பை மட்டும் படிப்பவருக்குக் கொள்கை என்பது அறிவும் நல்லெண்ணமும் கொண்ட அதிகாரிகள் சிந்தித்து எடுத்த முடிவாகத் தெரியும். நிறுவனத்தின் ஏடுகளை மட்டும் படிப்பவருக்குத் தொழில் வளர்ச்சி என்பது ஒரு குடும்பத்தின் உழைப்பாலும் துணிவாலும் மட்டுமே விளைந்ததாகத் தெரியும். இரண்டும் பாதி உண்மைகளே. இரண்டையும் அருகருகே வைத்து, தேதிக்குத் தேதி ஒப்பிட்டுப் படிக்கும்போதுதான் யார் யாரைக் கேட்டார்கள், யார் யாரைத் தடுத்தார்கள், எந்த ஆணை காகிதத்திலேயே நின்றுபோனது என்பது விளங்கத் தொடங்கும்.

இதை எனக்குக் கற்றுத் தந்தது ஆல்பிரட் சாட்டர்ட்டனின் கதை. கிண்டி பொறியியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்த அவர், 1898இல் சென்னைக் கலைப் பள்ளியில் அலுமினியப் பாத்திரங்கள் செய்யும் முயற்சியைத் தொடங்கினார். அது வெற்றி பெற்று 1903இல் ஒரு தனியார் நிறுவனத்துக்குக் கைமாறியது. அடுத்து குரோம் முறையில் தோல் பதனிடுதல், பாசனத்துக்கு எண்ணெய் இயந்திரமும் பம்பும் என்று அவர் வேலை விரிந்தது. 1908இல் உதகமண்டலத்தில் நடந்த தொழில் மாநாட்டை ஒட்டிச் சென்னை அரசு தொழில்களுக்கென்று ஒரு துறையையே அமைத்தது. ஆனால் 1910இல் பிரிட்டிஷ் அரசில் இந்திய விவகாரங்களுக்கான அமைச்சராக இருந்த மார்லி பிரபு, அரசு தானே தொழிற்சாலை நடத்துவது சரியன்று என்று கூறி அந்த வழியை அடைத்துவிட்டார். சில ஆண்டுகளில் சாட்டர்ட்டன் மைசூர் சமஸ்தானத்தின் பணிக்குச் சென்றார்.

பாடநூல்கள் இதை, தொழிலில் அரசு தலையிடக் கூடாது என்னும் தாராளவாதக் கோட்பாட்டின் வெற்றி என்று சொல்லி முடித்துவிடும். மார்லியின் முடிவைத் தாங்கி லண்டனிலிருந்து வந்த கடிதத்தை மட்டும் படித்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் அக்கடிதம் வருவதற்கு முந்திய ஆண்டுகளில் சென்னையில் நடந்ததைப் பார்க்க வேண்டும். மெட்ராஸ் சேம்பர் ஆஃப் காமர்ஸில் அமர்ந்திருந்த ஐரோப்பிய வணிக நிறுவனங்கள் அரசின் தொழிற்சாலைகளைத் தொடர்ந்து எதிர்த்து வந்தன. பதனிடப்படாத தோலையும் அரைகுறையாகப் பதனிட்ட தோலையும் கப்பலேற்றி லாபம் கண்டவர்களுக்கு, இங்கேயே முழுத்தோல் செய்யும் தொழில் வளர்வதில் என்ன அக்கறை இருக்க முடியும்? கோட்பாடு பொய்யென்று நான் சொல்லவில்லை. கோட்பாட்டுக்கு ஆள்பலம் எங்கிருந்து வந்தது என்பதைக் கோப்பின் ஓரத்தில் தேட வேண்டும் என்கிறேன். 1916 முதல் 1918 வரை இயங்கிய இந்தியத் தொழில் ஆணையத்தில் அதே சாட்டர்ட்டன் உறுப்பினராக அமர்ந்தார் என்பதும், 1922இல் தொழில்களுக்கு அரசு உதவி அளிக்கும் சட்டம் சென்னையில் இயற்றப்பட்டது என்பதும் அந்தத் தோல்வியின் தொடர்ச்சியாகவே படிக்கப்பட வேண்டியவை.

எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் புதிதாகப் போகும் மாணவர், தொழில்கள் என்ற தலைப்பில் எல்லாம் ஓரிடத்தில் கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டு போவார். அப்படிக் கிடைக்காது. சாட்டர்ட்டனின் முயற்சி ஒரு கலைப் பள்ளியில் தொடங்கியதால் அதன் தொடக்கம் கல்வித் துறையின் நடவடிக்கைகளில் இருக்கும். சில ஆண்டுகள் கழித்து அதே பொருள் வருவாய்த் துறைக்குப் போகும். 1920களில் வளர்ச்சித் துறைக்கு வந்துவிடும். எந்த ஆண்டில் எந்தத் துறை எந்தப் பொருளைக் கவனித்தது என்று ஒரு பட்டியலை முதலில் நீங்களே தயாரித்துக்கொள்ள வேண்டும். பலர் இதைச் செய்யாமல் ஓர் ஆண்டின் அட்டவணையில் பொருள் இல்லையென்று கண்டதும் ஆவணமே இல்லையென்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஒவ்வோர் அரசாணையின் தலைப்பிலும் அதற்கு முன்னால் பிறந்த ஆணைகளின் எண்கள் குறிக்கப்பட்டிருக்கும். அந்த எண்களைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போவதுதான் நம்பகமான வழி.

அரசாணை கிடைத்ததோடு நின்றுவிடவும் கூடாது. ஆணையில் முடிவு மட்டுமே இருக்கும், அதுவும் எவரும் குறை காண முடியாத நடையில். அதற்கு அடியில் இணைக்கப்பட்ட குறிப்புப் பகுதி பாதுகாக்கப்பட்டிருந்தால் அதைத்தான் கேட்டு வாங்க வேண்டும். எழுத்தர் எழுதிய முன்வரைவை மேலதிகாரி ஒருவர் குறுக்கே கோடிட்டு மாற்றியிருப்பார். நிதித் துறையிலிருந்து ஒரு வரி மறுப்பு வந்திருக்கும். அதன் ஓரத்தில் ஆளுநர் குழுவின் உறுப்பினர் ஒருவர் மூன்று சொல்லில் அதைத் தள்ளியிருப்பார். கையெழுத்துகளையும் சுருக்கொப்பங்களையும் அடையாளம் காணப் பழகுங்கள். அந்தக் காலத்து அதிகாரிகளின் பணிப்பட்டியல்கள் அச்சில் உள்ளன. அவற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் அந்தச் சுருக்கொப்பம் யாருடையது என்பது தெரிந்துவிடும். குறிப்பெடுக்கும்போது துறை, எண், தேதி ஆகிய மூன்றும் அன்றே உங்கள் ஏட்டில் ஏற வேண்டும். காப்பகத்திலிருந்து வெளியே வந்த பிறகு அதை நினைவிலிருந்து மீட்க முடியாது.

காப்பகத்துக்குப் போகும் முன் அச்சில் வந்த சாட்சியத் தொகுதிகளைப் படித்துவிட வேண்டும் என்பது நான் எல்லா மாணவரிடமும் வற்புறுத்திய ஒன்று. தொழில் ஆணையத்தின் சாட்சியங்கள், 1929-30இல் அமைந்த சென்னை மாகாண வங்கி விசாரணைக் குழுவின் தொகுதிகள், பருத்தி ஜவுளி பற்றிய சுங்கவரி வாரிய அறிக்கைகள் ஆகியவை ஆய்வாளர்கள் போதிய அளவு தொடாத சுரங்கங்கள். வங்கி விசாரணைக் குழுவின் முன் லேவாதேவிக்காரர்களும் வணிகர்களும் விவசாயிகளும் கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள். எந்த ஊரில் என்ன வட்டி, உண்டி என்னும் வணிகர்களின் பணமாற்றுச் சீட்டு எப்படி மாறுகிறது, நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் தங்களுக்குள் எப்படித் தவணை வைத்துக்கொள்கிறார்கள் என்பதெல்லாம் அவர்கள் வாய்மொழியாகவே பதிவாகியுள்ளன. பர்மாவுக்குத் தனியாக அமைந்த குழுவின் அறிக்கையும் இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டியது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் சாகுபடி நிலத்தில் சுமார் 6 விழுக்காடாக இருந்த செட்டியார் உடைமை 1938இல் சுமார் 25 விழுக்காடாக ஏறியது, கடன் திரும்பாமல் நிலமாக வந்து சேர்ந்ததால். அந்த நிலைமையின் வேர்களை 1930இன் சாட்சியங்களிலேயே காணலாம்.

கோயம்புத்தூர்ப் பகுதியில் நான் செய்த வேலையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அங்கே 1888இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயர் தொடங்கிய ஆலைக்குப் பிறகு வளர்ச்சி மெதுவாகவே இருந்தது. 1930களில் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. 1932இல் நீலகிரியின் பைகாரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்ததுதான் காரணம் என்பது எல்லோரும் சொல்லும் விடை. மின்சாரம் இல்லாமல் அது நடந்திருக்காது என்பது உண்மை. ஆனால் அதே ஆண்டுகளில் பருத்தித் துணிக்கும் நூலுக்கும் இறக்குமதி வரி உயர்ந்தது. பெருமந்தத்தால் விளைபொருள் விலை சரிந்து, நிலத்தில் போட்ட பணம் வேறு இடம் தேடியது. கம்போடியா பருத்தி சுற்றுவட்டாரத்திலேயே விளைந்தது. ஆலைகளின் பங்குதாரர் பட்டியலைப் பார்த்தால் கிராமத்து விவசாயக் குடும்பங்களின் பெயர்கள் சிறு சிறு தொகைகளோடு வரிசையாக வரும். மின்துறையின் கோப்பில் இந்தப் பெயர்கள் கிடைக்கா. பங்குப் பதிவேட்டில் மின்கட்டணம் பற்றிய விவாதமும் கிடைக்காது.

அப்படி ஓர் ஆலையின் பழைய ஏடுகளைப் பார்க்க எனக்கு 1980களில் அனுமதி கிடைத்தது. 1940களின் பேரேடுகளில் பஞ்சு, நிலக்கரி, மின்சாரம், கூலி, தரகு என்று பழகிய தலைப்புகளே இருந்தன. 1951ஆம் ஆண்டின் தொழில் வளர்ச்சி மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் அடுத்த ஆண்டு மே மாதத்தில் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் ஆலையைக் கணிசமாக விரிவாக்க வேண்டுமென்றால் மத்திய அரசின் உரிமம் வேண்டும். அதற்கடுத்த பேரேட்டில் நான் அதுவரை காணாத ஒரு தலைப்பு வந்தது: டெல்லி செலவு. ரயில் கட்டணம், தங்குமிடம், தட்டச்சுக் கூலி, தந்தி, ஒரு வழக்கறிஞருக்குக் கொடுத்த தொகை என்று வரிகள் நிறைந்திருந்தன. அங்கே இளம் எழுத்தராகச் சேர்ந்து தலைமைக் கணக்கராக உயர்ந்திருந்த பெரியவர் ஒருவர் என் பக்கத்தில் அமர்ந்திருந்தார். அந்தத் தலைப்பை நான் காட்டியதும் அவர், "முன்னாடியெல்லாம் டெல்லிக்குப் போற செலவு பொதுச்செலவுலயே அடங்கிப்போகுமுங்க அம்மணி. லைசென்ஸ்னு ஒண்ணு வந்த பொறவுதான் அதுக்குன்னு தனிப் பக்கம் போட்டோமுங்க" என்றார்.

உரிமமுறையைப் பற்றி அதற்கு முன் நான் படித்திருந்த எந்த அறிக்கையும் எனக்கு அந்த ஒரு பக்கம் தந்த தெளிவைத் தரவில்லை. நூல் நூற்கும் கூடுதல் கதிர்களுக்கான (ஸ்பிண்டில்) விண்ணப்பம் இயக்குநர் குழுவின் மினிட்ஸ் புத்தகத்தில் கூட்டத்துக்குக் கூட்டம் நிலுவையில் இருப்பதாகவே பதிவாகி வந்தது. பின்னர் டெல்லியில் தேசிய ஆவணக் காப்பகத்தில் வணிக, தொழில் அமைச்சகத்தின் கோப்புகளைப் பார்த்தபோது, இந்தப் பேரேட்டின் பயணத் தேதிகளும் அங்கே நடந்த பரிசீலனையின் தேதிகளும் ஒன்றோடொன்று பொருந்தி வந்தன. ஒரு நடுத்தர ஆலைக்கு இந்தச் செலவு எவ்வளவு சுமை, தலைநகரில் நிலையான அலுவலகம் வைத்திருந்த பெரிய குழுமங்களுக்கு அது எவ்வளவு எளிது என்பதை அந்த ஒப்பீட்டிலிருந்து எழுத முடிந்தது. 1956இல் ஆலைகளின் தறி எண்ணிக்கை பெருகாமல் அரசு தடுத்ததும் இதே பகுதியின் வடிவத்தை மாற்றியது: நூற்பாலைகள் நூற்பாலைகளாகவே நின்றன, நெசவு கைத்தறிக்கும் விசைத்தறிக்கும் போனது. இப்பகுதி ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்கும் எவரும் சாதிப் பண்பையோ மண்ணின் குணத்தையோ சொல்வதற்கு முன் இந்த ஆணைகளைப் படிக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

இந்த வேலைக்கு வர விரும்புபவர் கணக்கியல் கற்றே ஆக வேண்டும். வரலாற்று மாணவர்கள் எண்களைக் கண்டு ஒதுங்குவது எனக்கு எப்போதும் வருத்தம் தந்திருக்கிறது. வணிகவியல் இளநிலை மாணவர் முதல் ஆண்டில் படிக்கும் அளவுக்கு இரட்டைப்பதிவு முறை, தேய்மானம், இருப்புநிலைக் குறிப்பு ஆகியவை தெரிந்தால் போதும். நகரத்தார் கணக்கு முறையில் அன்றாடக் குறிப்பும் பேரேடும் ஐந்தொகை எனப்படும் இருப்புநிலைக் கணக்கும் எப்படி ஒன்றோடொன்று இணைகின்றன என்பதை அந்த முறையில் பழகிய ஒருவரிடம் நேரில் உட்கார்ந்து கற்பது நல்லது. ஒரு கம்பெனியின் நிர்வாகத்தை வேறொரு நிறுவனம் ஒப்பந்தப்படி கமிஷன் பெற்று நடத்தும் மேனேஜிங் ஏஜென்சி முறையை எடுத்துக்கொள்ளுங்கள். 1956ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டம் அந்த ஏஜென்டுகளின் ஊதியத்துக்கு நிகர லாபத்தில் 10 விழுக்காடு என்று வரம்பு வைத்தது. 1970 ஏப்ரலில் அந்த முறையே ஒழிந்தது. இந்தச் சட்டங்களால் ஒரு நிறுவனத்துக்குள் உண்மையில் என்ன மாறியது என்பதை அறிய, நிகர லாபத்தை எப்படிக் கணக்கிட்டார்கள், முன்பு கமிஷனாகப் போன பணம் பின்பு எந்தத் தலைப்பில் போனது என்று பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும்.

நிறுவனங்களின் கதவைத் திறப்பது பற்றிப் பலரும் கேட்கிறார்கள். டாடா, கோத்ரேஜ் போன்ற சில குழுமங்களும் ரிசர்வ் வங்கியும் முறையான காப்பகங்களை நடத்துகின்றன. அங்கே விதிகள் எழுத்தில் உள்ளன. தமிழ்நாட்டில் பெரும்பாலும் குடும்ப நிறுவனங்கள்தான். அங்கே விதி என்று ஒன்று இல்லை, நம்பிக்கை மட்டுமே உண்டு. அந்நம்பிக்கை முதலாளியிடமிருந்து தொடங்குவதைவிடக் கணக்கரிடமிருந்தும் கம்பெனிச் செயலரிடமிருந்தும் தொடங்குவதே என் அனுபவத்தில் மிகுதி. அனுமதி வாய்மொழியாகக் கிடைத்தாலும் என்னென்ன பார்க்கலாம், எதை வெளியிடலாம் என்பதை ஒரு பக்கக் கடிதமாக எழுதி இரு தரப்பும் கையொப்பமிட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நிறுவனம் தன் வரலாற்றை எழுதித் தரும்படி என்னை அழைத்து, பாதி வேலை முடிந்த நிலையில் ஒரு பழைய வேலைநிறுத்தத்தைப் பற்றிய பகுதியை முற்றிலும் நீக்கச் சொன்னது. கையெழுத்துப் படியில் உண்மைப் பிழைகளை மட்டுமே திருத்தக் கோரலாம், பொருளை நீக்கக் கோரக்கூடாது என்று எங்கள் கடிதத்தில் இருந்ததால், நான் மரியாதையோடு விலகவும் அதுவரை எடுத்த குறிப்புகளைக் கல்விசார் கட்டுரைக்குப் பயன்படுத்தவும் முடிந்தது.

கதவு திறக்காத நிறுவனங்களுக்கும் வேறு வாசல் உண்டு. குடும்பத்தில் பாகப்பிரிவினை வழக்கு வந்திருந்தால், ஆவணச் சான்றுகளாகப் பேரேடுகளே நீதிமன்றத்துக்குப் போயிருக்கும். 1891 முதல் வெளிவரும் மெட்ராஸ் லா ஜர்னலின் தொகுதிகளில், வருமான வரி வழக்குகளிலும் கூட்டுவணிக வழக்குகளிலும், நிறுவனங்களின் உள்விவரங்கள் தீர்ப்புரையின் முதல் பத்திகளில் சுருக்கமாகக் கிடைக்கின்றன. 1906 அக்டோபரில் சென்னையின் ஐரோப்பிய வணிக, வங்கி நிறுவனமான ஆர்பத்நாட் திவாலானதும், அதன் விளைவாக வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோர் முயன்று 1907இல் இந்தியன் வங்கியைத் தொடங்கியதும் எல்லோரும் அறிந்ததே. ஒரு திவால் வழக்கு எவ்வளவு ஆவணங்களைப் பொதுவெளிக்குக் கொண்டுவரும் என்பதை மாணவர்களுக்குக் காட்ட என் வகுப்பில் நான் அதையே முதல் பாடமாக வைத்தேன்.

ஓய்வு பெற்ற அதிகாரிகளையும் ஆலை மேலாளர்களையும் நேர்கண்டபோது நான் கடைப்பிடித்த முறை ஒன்று உண்டு. கருத்து கேட்கமாட்டேன். உரிமமுறை நல்லதா கெட்டதா என்று கேட்டால் இன்றைய செய்தித்தாளின் கருத்தே பதிலாக வரும். விண்ணப்பம் வந்ததும் அது முதலில் யார் மேசைக்குப் போகும், அங்கே எந்தப் படிவம், அடுத்து யார் என்று கேட்பேன். கூடவே ஒரு பழைய ஆவணத்தின் நகலைக் கொண்டுபோய்க் கையில் கொடுப்பேன். அதைப் பார்த்ததும் நினைவு தானே கிளம்பும்.

வேலைவாய்ப்பைப் பற்றி நான் மறைக்காமல் சொல்ல வேண்டும். தொழில் வரலாற்றுக்கென்று நம் பல்கலைக்கழகங்களில் பணியிடம் ஏறத்தாழ இல்லை. அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தில் துவிஜேந்திர திரிபாதி பல ஆண்டுகள் இதைக் கற்பித்துத் துறையை நிலைநிறுத்தினார். அப்படி ஒரு நிலை தெற்கில் உருவாகவில்லை. நீங்கள் நவீன இந்திய வரலாற்று ஆசிரியராகத்தான் நியமிக்கப்படுவீர்கள். பாடத்திட்டம் முழுவதையும் நடத்த வேண்டும். இந்த ஆய்வை அதற்கிடையே செய்ய வேண்டும். வரலாற்றுத் துறையினர் இது பொருளியல் என்பார்கள், பொருளியல் துறையினர் இதில் மாதிரியுரு இல்லை என்பார்கள், மேலாண்மைப் பள்ளியினர் மேலாளர்களுக்கு இதிலிருந்து என்ன கிடைக்கும் என்பார்கள். மூவருக்கும் பதில் சொல்லும் வகையில் ஒவ்வொரு கட்டுரையையும் எழுதப் பழகியதால் என் எழுத்து திருந்தியது என்றே கருதுகிறேன். ஆங்கிலத்தில் ஆய்விதழ்க் கட்டுரை எழுதும் போதெல்லாம் அதன் சாரத்தைத் தமிழிலும் எழுதினேன். பதவி உயர்வுக்கு அது மதிப்பெண் தரவில்லை. ஆனால் தமிழில் வந்த கட்டுரைகளைப் படித்தவர்களிடமிருந்துதான் எனக்குப் பழைய ஏடுகளும் புகைப்படங்களும் வந்து சேர்ந்தன.

அரசுக் குழுக்களில் சில முறை ஆலோசனைக்கு அழைக்கப்பட்டேன். அங்கே வரலாற்றாய்வாளர் எதிர்காலத்தைக் கணித்துச் சொல்லக்கூடாது. இதே திட்டம் முன்பு எந்தப் பெயரில் வந்தது, அப்போது எந்த இடத்தில் முட்டியது என்பதைக் கோப்பு எண்ணோடு சொன்னால் போதும். 1958இல் கிண்டி தொழிற்பேட்டை தொடங்கியபோது சிறுதொழில்களுக்குக் கட்டடத்தை மட்டும் கொடுத்தால் போதாது, மூலப்பொருளும் கடனும் பொது வசதிக் கூடங்களும் சேர்ந்தே வர வேண்டும் என்ற சிந்தனை திட்டத்திலேயே இருந்தது. அதை எடுத்துச் சொல்ல ஒருவர் அந்த அறையில் இருப்பது பயனுள்ளது என்று நான் முழுமனத்தோடு நம்புகிறேன்.

இன்று தொடங்குபவர்களுக்கு முன்னால் பெரும் வேலை காத்திருக்கிறது. மூடப்பட்ட ஆலைகளின் ஏடுகள் எடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. கலைக்கப்படும் கம்பெனிகளின் சொத்தைத் தீர்க்கும், உயர் நீதிமன்றத்தோடு இணைந்த அதிகாரபூர்வக் கலைப்பாளர் அலுவலகங்களில் எஞ்சியிருப்பவற்றை இப்போதே பார்த்துப் பட்டியலிட வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 20 ஆண்டுகளுக்கு முற்பட்ட நிகழ்வுகள் தொடர்பான தகவல்களுக்குப் பெரும்பாலான விலக்குகளைப் பொருத்துவதில்லை. எனவே 1971இல் தொடங்கிய, தொழில் வளாகங்களை அமைக்கும் மாநில அரசு நிறுவனமான சிப்காட்டின் தொடக்க கால நில எடுப்புக் கோப்புகளைத் துறை, ஆண்டு, பொருள் ஆகியவற்றைக் குறிப்பிட்டுக் கேட்கலாம். பொதுவாகக் கேட்டால் பொதுவான மறுப்பே வரும். சிறுதொழில்களுக்கென்று பொருள்களை ஒதுக்கும் கொள்கை 1967இல் 47 பொருள்களோடு தொடங்கி, வளர்ந்து, 2015இல் முற்றிலும் முடிந்தது. தமிழ்நாட்டின் ஊர்கள் தோறும் அது என்ன செய்தது என்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டித் தீப்பெட்டித் தொழிலை எடுத்துக்கொள்பவர் 1934ஆம் ஆண்டின் தீப்பெட்டிக் கலால் சட்டத்திலிருந்து தொடங்கலாம். இயந்திரத்தில் செய்ததற்கும் கையால் செய்ததற்கும் இடையே பின்னர் வந்த வரி வேறுபாடுகளின் கோப்புகள் டெல்லியில் நிதி அமைச்சகத்தின் தொகுதிகளில் இருக்கும், அந்த வேறுபாட்டைக் கணக்கிட்டு விலை வைத்தவர்களின் ஏடுகள் அந்த ஊர்களின் வீடுகளில் இருக்கும். ஆய்வுத்தலைப்பைப் பதிவு செய்வதற்கு முன்பே இரண்டு இடங்களுக்கும் ஒரு முறை போய்வந்துவிடுங்கள்.